பலகையைத் தொடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

புதுச்சேரியில் தெருப் பராமரிப்புப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பழைய வீடுகளின் வரலாற்றைச் சொல்ல, தன்னார்வலர்களாகிய நாங்கள் சுவர்களில் நிறுவிய மரபுப் பலகைகளைக் கால்வாய் வேலைக்காகக் கழற்றியதும், பிறகு ஒப்பந்தக்காரர் அவற்றைத் திரும்ப மாட்டியதும் தாங்கள் அறிந்ததே. கழற்றியதில் வருத்தமில்லை. மாட்டிய விதத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு பழைய வீட்டுச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமானது. அதில் சாதாரண இரும்பு போல்ட் முடுக்கி, சுற்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருவேறினால் ஊதிப் பருத்துக் காரையைப் பிளக்கும். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைத் தானே வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் ஓரமாகக் கசிந்து, கூட வந்த உப்பு அங்கே பூத்துக் காரையை உதிர்க்கும். உள்ளங்கை அகலக் காரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் எங்களைக் கேட்கிறார். பலகை வைக்க அவரிடம் அனுமதி வாங்கியவர்கள் நாங்கள்தானே. 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம் போலும், ஒரு சட்டிச் சிமெண்ட் போதும்.

கேட்பது ஒன்றுதான்: பலகையைத் தொடுமுன் எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்களே வந்து மாட்டித் தருகிறோம், செலவும் எங்களுடையது. 316 தர எவர்சில்வர் போல்ட் வேண்டும்; வழக்கமான 304 தரம் கடலோரத்தில் சீக்கிரமே கறை பிடிக்கும். துளையைச் செங்கல்லில் போடாமல் செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புச் சாந்தில் போட வேண்டும், டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு. துளை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்காது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே நைலான் வாஷர் வைத்து விரற்கடை இடைவெளி விட்டால் சுவர் காயும்.

விழா நாட்களுக்கு முன் பலகையை ஆசிட் ஊற்றிப் பளபளப்பாக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அது எவர்சில்வரையும் தின்னும், சுண்ணாம்பையும் தின்னும். நல்ல தண்ணீரும் துணியும் போதும்.

சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதால், கண்மட்டத்தில் வைத்த பலகைகள் இடுப்பு மட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ள வைக்கும் பெரிய வண்ண எழுத்துகளுக்கு மட்டும் விளக்கும் காவலும் கிடைக்கின்றன. சரி, அது வேறு கதை.

மழைக்காலம் தொடங்குமுன் அந்தச் சுவரின் இரும்பு போல்ட்டுகளையாவது எடுக்க அனுமதி தர வேண்டுகிறோம். இனி எந்தப் பலகையைக் கழற்றுவதானாலும், ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பலகைகளை நிறுவிய தன்னார்வலர்கள்