பாரிஸில் வாங்கிய கவுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

உளவாளி என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பிரான்சுக்கு அனுப்பிய வயலெட் ஸாபோ பற்றி 1958-ல் வந்த படத்திலும் ஜெர்மன் படையோடு அவர் மோதும் காட்சிதான் பலருக்கும் மனதில் நிற்கும். (வயலெட்டாக வந்த வர்ஜீனியா மெக்கென்னாவின் நடிப்பைக் குறை சொல்லவில்லை.) என்னை உலுக்கியது வேறு. 1944 ஏப்ரலில் முதல் பணிக்குப் போனவர், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் மகள் டானியாவுக்கு ஒரு கவுன் வாங்கினார். ஜூனில் மறுபடி பாராசூட்டில் இறங்கியவர், சில நாட்களில் சிக்கினார். 1945-ல் நாஜிகளின் ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள், வயது 23. 1947 ஜனவரியில் மன்னர் ஆறாம் ஜார்ஜிடம் அம்மாவின் வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தை வாங்கப் போன நாலரை வயதுச் சிறுமி உடுத்தியிருந்தது அந்தக் கவுனைத்தான்.

இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில், விடுமுறைக்கு வயலெட் வந்து தங்கிய உறவினர் வீட்டுத் தோட்டத்தில் 2000-ல் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார்கள். தலைநகரத்து மண்டபத்தில் நூறு பதக்கங்களுக்கு நடுவே அவரைத் தேடுவதைவிட, அவர் நடந்த புல்தரையில் நின்று நினைப்பதே பொருத்தம் என்பேன். இப்படிப்பட்ட சின்ன இடங்களைப் பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதலாமே!

– ஒரு வாசகர்