கான் வெட்டாத ஊரில் மழை

துபாய், அல் கூஸ்
2024 மே 19, ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மா, அப்பாயிக்கு,

நான் நல்ல சுகம். உங்க சுகத்தையும் அப்படியே அறிய ஆவல். சித்திரை வருசத்துக்கு வந்துட்டுத் திரும்பின மேட்டு லயத்து வீட்டு அண்ணன்கிட்ட பாப்பா குடுத்துவிட்ட கடிதம் கிடைச்சுது. என்னைய வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு அப்பாயி அழுவுறதா எழுதியிருக்கா. அப்படி ஒண்ணும் இல்ல. இங்க வாட்ஸ்அப்ல கால் எடுக்க விட மாட்டாங்க, வாய்ஸ் அனுப்பினா அப்பா "மிசின்கூட எனக்கென்ன பேச்சு"ம்பார். மவுஸ்ஸாக்கலை மாமா லீவுல வர்றதால எழுதியே குடுத்துவிடுறேன்.

டீவியில நீங்க பாத்த துபாய் மழை ஏப்ரல் 16, செவ்வாக்கெழம. 1949ல இருந்து கணக்கு வச்சிருக்காங்களாம், அதுல இப்படி ஒரு மழை இல்லையாம். அல் ஐன் பக்கம் ஒரு நாளைக்குள்ள 254 மில்லிமீட்டர். நம்ம மலைப் பக்கத்து வட்டவளைக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, அவங்களுக்கு வருசத்துக்கு 5000க்கு மேல பெய்யுதே. ஆனா இங்க வருசம் முழுக்க 100 பெஞ்சாலே பெரிய விசயம். ஊரே தட்டையா கெடக்கு, தண்ணி ஓடிப்போக வழியில்ல. தாத்தா தேயிலைக்கு ஊடால தண்ணி போறதுக்குக் கான் வெட்டினாரே, அதுல பாதி இங்க வெட்டியிருந்தாலும் தண்ணி வடிஞ்சிருக்கும். இவ்வளவு உசரமா கட்டடம் கட்டுனவங்களுக்கு ஒரு நல்ல கங்காணி கெடைக்கல போல.

அன்னைக்கும் நான் பைக்குல சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்குற வேலைக்குத்தான் போயிருந்தேன். பகல்லயே அந்தி இருட்டு. ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ள ஆவி, வெளிய மழை, தூக்கிவிட்டா கண்ணத் தொறக்க முடியல. மாசக்கணக்கா மழை படாத ரோடு, எண்ணெயும் தூசியும் மேல வந்து வழுக்குது. கொழுந்து லொறி ஓட்டுன காலத்துல அப்பா சொல்லுவீங்களே, முதல் மழைய நம்பாத, வெள்ளைக் கோட்டுல டயர வைக்காத, பிரேக்க நம்பாம கியர எறக்குன்னு. காசல்ரீ டேம் தண்ணி தெரியுற முடக்குல கத்துக்கிட்டது இங்க வேலைக்கு வந்துச்சு.

ஷேக் சாயித் ரோட்டுப் பக்கம் கார அப்படியே விட்டுட்டு ஆளுங்க எறங்கி நடக்குறாங்க. நான் முதல் கியர்லயே, ஆக்சிலேட்டர விடாம, சைலன்சர் வாய்க்குத் தண்ணி ஏறாமப் போயிக்கிட்டு இருந்தேன். ஒரு பெரிய ஜீப்பு பக்கத்துல பாஞ்சு போச்சு. அது கெளப்புன அலை சீட்டு வரைக்கும் வந்துச்சு, பைக்கு ரெண்டு தடவ செருமிட்டு நின்னுருச்சு. நான் திரும்ப ஸ்டார்ட் பண்ணல. எஞ்சினுக்குள்ள தண்ணி இருக்கப்போ ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராட் வளைஞ்சிரும். தள்ளிக்கிட்டே ரூமுக்கு வந்தேன். கொஞ்ச தூரந்தான் அம்மா. பொட்டிக்குள்ள யாரோ கேட்ட பிரியாணி இருந்துச்சு, ராத்திரி நாங்களே சாப்பிட்டோம். அதுக்குக் காசு பிடிச்சாங்களான்னு கேக்காதீங்க.

மேல் கட்டில்ல பெஷாவர்காரர் ஒருத்தர் இருக்காரு, எல்லாருக்கும் சாச்சா. எங்க பைக்கு அத்தனையையும் மாடிப்படிக் கம்பியில ஆட்டக் கட்டுறாப்புல கயித்தால கட்டிட்டு, விடிய விடியக் காவலுக்கு உக்காந்திருந்தாரு. தண்ணி வடிஞ்சப்புறம் கயித்த அவுக்க மாட்டேன்னு ஒரே சண்டை, இன்னும் மழை வருமாம். தமிழ் ஒரு சொல்லு தெரியாது, ஆனா நான் சாப்பிடலன்னா கண்டுபிடிச்சிருவாரு.

பைக்கு கராஜில இருந்த நாள்ல நான் நல்லா தூங்கி ரெஸ்ட் எடுத்தேன். போட்டோவுல மெலிஞ்சிட்டேன்னு அம்மா சொன்னது, எடுத்தவன் கை சரியில்ல. இந்தத் தடவ காசு கொஞ்சம் கொறச்சலாத்தான் வந்திருக்கும், பேங்க்ல ஏதோ மாத்துறாங்களாம். அடுத்த மாசம் சேத்து வரும்.

சாப்பாட்டுக்குக் கொறையில்ல. குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தெனமும் உண்டு. கடையில நம்ம ஊரு மலைப் படம் போட்ட தேயிலைப் பக்கட்டு விக்குது. வெலையப் பாத்து வச்சிட்டு வந்துட்டேன். தேயிலைத் தூள் அரைக்கிற இஸ்டோர் பக்கத்துலயே பொறந்து வளந்தும் அந்தத் தூள நாம எப்ப குடிச்சோம்?

அந்த ராத்திரி கரண்டு போயி ஏசி நின்னப்புறந்தான் மழைச் சத்தமே கேட்டுது. தகரம் இல்லாத மழைக்கு சத்தமே இல்ல. லயத்துல மழை விழுந்தா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காதே, அம்மா கத்திக்கிட்டே தேங்கா ரொட்டியத் திருப்புவீங்க, அப்பாயி கட்ட சம்பல் இடிப்பாங்க, ஈரக் கம்பளி அடுப்புக்கு மேல காயும். இங்க ஒரு ரூம்ல இத்தனை பேரு இருக்கோம், ஒருத்தரும் பேசல. எனக்கு அப்பவே பஸ் ஏறி ஹட்டன்ல வந்து எறங்கணும்போல இருந்துச்சு.

சரி, அது கெடக்கட்டும். அங்க மழை தொடங்கிற நேரம். லயத்துக்குப் பின்னால மண்மேட்டுல வெடிப்பு விட்டாலோ, மரம் சாஞ்சாலோ, ஊத்துத் தண்ணி கலங்கலா வந்தாலோ ரேடியோவுல எச்சரிக்கை சொல்ற வரைக்கும் நிக்காதீங்க, ஸ்கூலுக்குப் போயிருங்க. அப்பாயி வர மாட்டேன்னு சொன்னா தூக்கிட்டுப் போங்க.

மே தினத்துல கொட்டகலையில ஜனாதிபதி 1700 ரூபா நாள் சம்பளம்னு சொன்னாரே, அது கையில வரட்டும், அத நம்பி அம்மா சீட்டு பிடிக்க வேணாம். தோட்டக் கம்பெனிக்காரங்க லேசுல ஒத்துக்க மாட்டாங்க. தம்பி என் பைக்க ராத்திரியில நோர்வூட் ரோட்டுல ஓட்டுறதா கேள்விப்பட்டேன். பின் டயர் மொட்டை. மாத்துற வரைக்கும் சாவிய அப்பா வச்சுக்குங்க. பாப்பா சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிச்சிருப்பா. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்க ஆசைன்னா ஹட்டன் போகட்டும், பஸ் காசு நான் பாத்துக்கிறேன். தோடு அடகுல இருக்கட்டும், வட்டிய மட்டும் கட்டுங்க, தீபாவளிக்குள்ள மூட்டுறேன்.

மாமா கையில அப்பாவுக்கு டோர்ச் லைட்டு, அப்பாயிக்கு முட்டித் தைலம், ரெண்டு பால்மா பக்கட்டு இருக்கு. ஒரு பக்கட்டு சின்னம்மா வீட்டுக்கு. போன தடவ குடுக்கலன்னு சித்தப்பா எனக்குப் போன் போட்டு ஏசினாரு, இந்தத் தடவ மொதல்ல அங்க குடுத்துட்டு மத்தத பிரிங்க.

இப்படிக்கு,
உங்கள் மகன்