இரண்டாம் தவணை நிறைவும் ஒரு வேண்டுகோளும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நிறைவுக்கு வந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாக் காலம்; வீடுகளில் விரதமும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரும் என்று ஓய்வில்லாமல் இருப்பீர்கள். இந்த நேரத்தில் சற்று நீண்ட கடிதம் அனுப்புகிறேன். தயவுசெய்து ஆறுதலாக இருக்கும் ஒரு வேளையில் முழுவதையும் வாசியுங்கள்.

தமிழ்த்தினப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் கோட்ட மட்டத்தைத் தாண்டி வலய மட்டத்திலும் இடங்கள் பெற்றார்கள். கரப்பந்து, சதுரங்கம், சித்திரம் ஆகியவற்றிலும் நல்ல பெறுபேறுகள் வந்துள்ளன. பழைய மாணவர் சங்கம் குடிநீர்த் தாங்கியைத் திருத்தித் தந்தது. பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் பங்குபற்றிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, ஒரு மாதமாக என் மனதில் இருக்கும் விடயத்துக்கு வருகிறேன்: ஒப்படைகளுக்குப் பிள்ளைகள் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகளைப் பயன்படுத்தும் விதம்.

தரம் 9 வரலாற்று ஆசிரியை இத்தவணை யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார். 36 ஒப்படைகள் வந்தன. நல்ல அட்டை, கலர்ப் படங்கள், நேர்த்தியான தலைப்புகள். ஒரு மாலை திருத்த உட்கார்ந்தவர் அடுத்த நாள் காலையில் அந்தக் கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, “சேர், நீங்களே ஒருக்கா பாருங்கோ” என்றார்.

பதினொரு ஒப்படைகளில் ஒரே வசனம், ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. இரண்டில் “நிச்சயமாக, நீங்கள் கேட்ட கட்டுரை இதோ” என்ற முதல் வரியும் அப்படியே அச்சாகியிருந்தது. நான்கில் உசாத்துணையாக ஒரே தலைப்பில் ஒரு நூல். ஆனால் எழுதியவர் பெயர் நான்கிலும் வேறுவேறு. ஆசிரியை பொது நூலகத்தில் விசாரித்தார், “நூலகம்” என்ற பெயரில் இணையத்தில் உள்ள எண்ணிம நூலகத்திலும் தேடினார். அப்படி ஒரு புத்தகம் அகப்படவே இல்லை. ஆறு ஒப்படைகளில் நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு 1983 என்றிருந்தது.

1981 மே 31 இரவு வைக்கப்பட்ட தீ அது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அதில் போயின. இந்த ஆண்டை எங்கள் ஊர்ப் பிள்ளை பிழையாக எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. கேட்ட இடம் பிழையாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் தினமும் பஸ்ஸில் நூலகத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். வீட்டில் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இந்தப் பிள்ளைகள் பயன்படுத்தியது ஏஐ செயலிகள் என்பது உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. பிறகு ஜெமினி போன்றவையும் வந்தன. இன்று பிள்ளையின் கையில் போன் இருந்தால் இவையும் இருக்கின்றன. சில பெற்றோர் என்னிடம் வந்து, “இதை முழுதாகத் தடை செய்யுங்கோ, சேர்” என்று கேட்டார்கள். அவர்களுடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் பாடசாலை வாசலோடு முடிந்துபோகிற தடையால் பயனில்லை. எப்படிக் கேட்பது, வந்த விடையை எப்படிச் சோதிப்பது என்று பழக்குவதுதான் எங்கள் வேலை. அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இந்தச் செயலிகள் விடை சொல்லும்போது, சொந்தமாகப் புத்தகத் தட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. ஏராளமான எழுத்தை வைத்துப் பழக்கப்பட்டவை அவை. அந்தப் பழக்கத்தில், இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வசனத்தைக் கட்டுகின்றன. ஆகவே தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் வசனம் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கும். தடுமாற்றம் இருக்காது. மனிதர் ஒருவர் பொய் சொன்னால் சில வேளை முகத்தில் தெரியும்; இங்கே பார்ப்பதற்கு முகமும் இல்லை. அதோடு அவை படித்த எழுத்தில் ஆங்கிலம்தான் மிக அதிகம். தமிழில் இருப்பதிலும் தமிழ்நாட்டு எழுத்தே கூடுதல். யாழ்ப்பாணத்துச் செய்தி அதில் மிகச் சிறு பங்கு. எங்கள் ஊரைப் பற்றிய ஆண்டு, பெயர், நூல் என்று வரும்போது அவை பிழை விடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

விஞ்ஞானப் பாடத்தில் இது வேறு மாதிரி வருகிறது. பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எங்கள் பாடநூலில் ஒளித்தொகுப்பு என்றிருப்பதைச் செயலி ஒளிச்சேர்க்கை என்கிறது. ஒட்சிசன் ஆக்ஸிஜனாகிறது, கலம் செல்லாகிறது, ஆர்முடுகல் முடுக்கமாகிறது. இவை தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்கள், அங்கே சரியானவை. பிள்ளை இரண்டையும் அறிந்துகொண்டால் நல்லதுதான். ஆபத்து எங்கே என்றால், ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதில். நாங்கள் கதி என்று படிப்பிப்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். நாங்கள் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். செயலி தந்த விளக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்த ஒரு தரம் 10 பிள்ளை, வேகத்துக்குத் திசை கிடையாது என்று வகுப்பில் உறுதியாக வாதாடினாள். அவள் வாசித்த பக்கத்தின்படி அது சரி. எங்கள் பாடத்திட்டப்படி பிழை. அவளைத் திருத்த ஆசிரியருக்கு ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று.

சரி, அப்படியானால் எப்படிக் கேட்பது?

முதலில், யார் கேட்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். “வேகம் என்றால் என்ன?” என்று மொட்டையாகக் கேட்டால் விடையும் மொட்டையாகத்தான் வரும். பாடநூலின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: “நான் இலங்கையில் தமிழ் மொழிமூலம் தரம் 10 படிக்கிறேன். இது எங்கள் விஞ்ஞானப் பாடநூலின் நேர்கோட்டு இயக்கம் என்ற பாடத்தில் ஒரு பக்கம். இதில் உள்ள சொற்களையே பயன்படுத்து. இதில் இல்லாததைச் சேர்க்காதே. எனக்கு விடை சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றாக ஐந்து கேள்வி கேள், நான் விடை எழுதிய பிறகு பிழையைக் காட்டு.” இப்படிக் கேட்டால் நடப்பதே வேறு. செயலி ஊகிக்கும் இடம் குறைகிறது. யோசிக்கிற வேலை பிள்ளையிடமே இருக்கிறது. பாடநூல் பக்கத்துக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. அரசாங்கம் இலவசமாகத் தந்த புத்தகம் பையில் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் இருக்கிறது.

முதல் விடையோடு நிறுத்த வேண்டாம். விளங்காத வரியைக் காட்டி, “இதை ஓர் உதாரணத்தோடு சொல்லு” என்று மறுபடி கேட்கலாம். பெரிய கேள்வியைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கேட்கலாம். ஆனால் பெயர், ஆண்டு, எண், நூல் தலைப்பு ஆகிய நான்கில் எது விடையில் வந்தாலும் அதை ஒரு தாளில் குறித்து, பாடநூலிலோ நூலகத்திலோ தெரிந்தவரிடமோ சரிபார்த்த பிறகே கொப்பியில் எழுத வேண்டும். சில செயலிகள் இணையத்தில் தேடிப் பார்த்து இணைப்புகளும் தருகின்றன. அந்த இணைப்பைத் திறந்து, சொன்னது உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். இணைப்பு இருப்பதாலேயே விடை சரியென்று ஆகிவிடாது.

இன்னொன்று. பிழையா சரியா என்று அந்தச் செயலியிடமே கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஒரு நாள் மாலை நானே வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சி. வை. தாமோதரம்பிள்ளை எங்கே பிறந்தார் என்று கேட்டேன். சிறுப்பிட்டி என்று சரியாகச் சொன்னது. “இல்லை, பிழை” என்று எழுதினேன். உடனே மன்னிப்புக் கேட்டு, வேறொரு ஊரின் பெயரைச் சொன்னது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் அவர்; 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பிரதிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சரியான வாசகத்தைத் தேர்ந்த ஒருவரைப் பற்றிய விடையே, நான் ஒரு சொல் சொன்னதும் மாறிப்போனது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பிள்ளை தன் பிழையான எண்ணத்தைச் சொன்னாலும் அது தலையாட்டக்கூடும். ஆகவே சோதிக்கும் இடம் வெளியே இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள், பாதுகாப்புக்காக. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை, அடையாள அட்டை, மருத்துவத் துண்டு, வீட்டு விலாசம், குடும்பப் படங்கள் எதையும் இவற்றில் ஏற்ற விட வேண்டாம். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

இப்போது நேராகச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். வந்த ஒப்படைகளில் சிலவற்றைப் பிள்ளைகள் செய்யவில்லை. பெற்றோர் செய்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குச் செயலியிடம் கேட்டு, காலையில் கடையில் அச்சடித்து, பையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். விசாரித்த வகுப்பாசிரியரிடம், “எல்லாரும்தானே செய்யினம், என்ர பிள்ளையை மட்டும் ஏன் கேக்கிறியள்?” என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒப்படைக்குத் தரும் புள்ளி பிள்ளையின் முயற்சிக்குத் தருவது. மூன்றாம் தவணையிலிருந்து ஒவ்வொரு ஒப்படையையும் பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் எங்கே தேடினார், யாரிடம் கேட்டார், ஏஐயிடம் கேட்டிருந்தால் என்ன கேட்டார் என்று எழுத வேண்டும். ஏஐயிடம் கேட்டதற்காகப் புள்ளி குறையாது; மறைத்தால் குறையும். பிறகு ஆசிரியர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று எழுதியதை விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் ஒப்படை புள்ளியிடப்படாமல் திரும்பி வரும். மறுபடி செய்ய ஒரு வாரம் தரப்படும். இதில் யாருடைய பிள்ளைக்கும் விலக்கு இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். வீட்டில் உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததல்ல. வேலையால் வந்து சமைத்து, ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, இரவில் பிள்ளை “அம்மா, நாளைக்குக் குடுக்கோணும்” என்று நிற்கும்போது எந்தத் தாய்க்கும் உதவத்தான் தோன்றும். பாடசாலையின் பக்கமும் பிழை இருக்கிறது. ஒரே வாரத்தில் நான்கு பாடங்களுக்கு ஒப்படை கொடுத்திருக்கிறோம். அடுத்த தவணை அப்படி நடக்காதபடி ஆசிரியர்களோடு பேசி ஓர் அட்டவணை போட்டுள்ளோம். போன் இல்லாத, டேட்டா போட வசதியில்லாத வீடுகளும் எங்களிடம் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகக் கணினி அறை புதன், வெள்ளி ஆகிய நாட்களில் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணி நேரம் திறந்திருக்கும். தகவல் தொழினுட்ப ஆசிரியர் கூடவே இருப்பார்.

அந்த 36 ஒப்படைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே பக்கம், படம் கிடையாது, கையெழுத்தும் கொஞ்சம் கோணல். அந்தப் பிள்ளையும் ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் கட்டுரை கேட்கவில்லை. “நூலகம் எரிந்த காலத்தில் இளம்பெண்ணாக இருந்த என் அம்மம்மாவிடம் கேட்க எனக்குக் கேள்விகள் வேண்டும்” என்று கேட்டிருக்கிறாள். பத்துக் கேள்விகள் வந்தன. அவற்றில் நான்கு அம்மம்மாவைக் கவலைப்படுத்தும் என்று தானே நீக்கிவிட்டு, ஆறை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் அவர் பக்கத்தில் போய் இருந்திருக்கிறாள். அடுத்த நாள் காலையில் காற்றில் கருகிய கடதாசித் துகள் பறந்ததை அம்மம்மா சொல்லியிருக்கிறார். அது நடந்த ஆண்டும் அந்த ஒப்படையில் சரியாக இருந்தது. வகுப்பில் ஆகக் கூடிய புள்ளி அதற்குத்தான். அந்தப் பிள்ளைக்கும், நேரம் ஒதுக்கி உட்கார்ந்து பேசிய அம்மம்மாவுக்கும் பாடசாலை சார்பில் என் மனமார்ந்த நன்றி.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் முதல் வாரச் சனிக்கிழமை காலை 9.30 மணிக்குப் பிரதான மண்டபத்தில் பெற்றோருக்கான ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். இந்தச் செயலிகளை இதுவரை தொட்டே பார்க்காதவர்களுக்காகத்தான் அது. தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர் தேநீர் தருவார்கள். வரும்போது உங்கள் போனையும் பிள்ளையின் பாடநூல் ஒன்றையும் எடுத்து வாருங்கள். அம்மம்மா, அப்பப்பாமாரும் வரலாம்.

இத்தவணை முழுவதும் நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி.

அன்புடன்,
அதிபர்