வெடித்த பிறகு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு அடங்கியது. "நட்சத்திரமெல்லாம் மறுபடி ஊசிமுனை மாதிரி தெரிகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எனக்கு முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. வேறு குறையில்லை.

நட்சத்திரம் வெடித்துச் சிதறினால் தடுக்க ஆளில்லாத வெற்றிடத்தில் அது போய்க்கொண்டே இருக்குமா என்று கேட்டிருந்தாய். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தடுக்க ஆள் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் ஓர் அணு என்ற அளவில் வாயு பரவிக் கிடக்கிறது. சிதறியது முதலில் வினாடிக்கு 10,000 கிலோமீட்டர் போலப் பாய்கிறது. அந்த வேகத்தில் நிலாவுக்குப் போக 40 வினாடிகூட ஆகாது. வழியில் அகப்பட்ட வாயுவை எல்லாம் வாரிக்கொண்டே போகிறது. வாரியதன் எடை தன் எடைக்குச் சமமாகும் வரை, அதாவது சில நூறு ஆண்டுகள், பெரிதாக வேகம் தளர்வதில்லை. அப்புறம் சுமை இழுக்கத் தொடங்கிவிடும்.

மாணிக்கம், என்னை உலுக்கியது இதுதான். வெடித்த நட்சத்திரங்களின் எச்சங்கள் ஒளிர்வதை அன்றைய நெருப்பின் மிச்சம் என்று எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அப்படியில்லை. மோதித் தடைபடுவதால்தான் வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடேறி எக்ஸ் கதிர் வீசுகிறது. முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டால் பின்னால் வருவது வந்து இடிக்குமே, அதுபோல உள்ளே இருந்து வரும் சிதறலும் வேகம் குறைந்த முன்வரிசையில் இடித்துச் சூடாகிறது. 11,000 ஒளியாண்டு தூரத்தில், வெடித்துச் சுமார் 350 ஆண்டே ஆன காசியோபியா ஏ என்ற எச்சத்தில் இரும்பும் சிலிக்கானும் இப்படித்தான் பளிச்சிடுகின்றன. தடையே இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ஆறிப்போயிருக்கும்.

சுமை ஏறிய பிறகு ஆரம் இரண்டு மடங்காக, வயது ஐந்தரை மடங்குக்கு மேல் கூடியாக வேண்டும். அணுகுண்டு வெடிப்பின் நெருப்புக்கோளம் எப்படிப் பெருகும் என்று டெய்லர், செடோவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் போட்ட அதே கணக்குதான் இது.

நண்டு நெபுலா என்ற எச்சம் மட்டும் இதற்கு அடங்கவில்லை. 1054 ஜூலையில் சீனர்கள் அந்த வெடிப்பைப் பட்டப்பகலில் 23 நாள் பார்த்து எழுதிவைத்தார்கள். 1921இல் ஜான் டங்கன், பதினோரு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, அது விரிவதைக் கண்டார். இன்றைய வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வெடிப்பு 1130 வாக்கில் நடந்ததாக வரும். அது எப்படி? நடுவில் வினாடிக்கு 30 தடவை சுழலும் பல்சார், அதாவது செத்த நட்சத்திரத்தின் மிஞ்சிய கரு, துகள்களை வீசிச் சிதறிய வாயுவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் வேகம் தளர்வதற்குப் பதில் கூடியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்த நட்சத்திரம் இன்னும் தள்ளுகிறது என்று நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை.

போன வாரம் அன்னம் மண்டலத்தில் திரை நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்த்தேன். 1784இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. வெடித்துப் பத்தாயிரம் ஆண்டாவது இருக்கும். ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த அகலம். ஆக்சிஜனின் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டதும் சாம்பல் நிறத்தில் மெல்லிய இழைகள் எழுந்து வந்தன. உண்மையில் அவை இழையே இல்லை. கொடியில் காயும் துணியை ஓரத்திலிருந்து பார்த்தால் மடிப்பு மட்டும் கோடாகத் தெரியுமே, அப்படி நம் பக்கம் விளிம்பு திரும்பிய வாயுப் படலங்கள். அதன் அதிர்வலை இன்னும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. போகப்போகத் தளர்ந்து, சுற்றியுள்ள வாயுவோடு கரைந்துவிடும்.

அடுத்த முறை வரும்போது நிலா இல்லாத இரவாகப் பார்த்து வா. அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டால் அந்த மடிப்புகளைத் தொலைநோக்கி வழியே உன் புதுக் கண்ணால் பார்க்கலாம். அதுவரை சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
சேது