துவக்கு அனுமதி தரும் ஐயாமாருக்கு, காட்டோரத்திலிருந்து

துவக்கு அனுமதி தரும் அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

வன்னியில் நெடுங்கேணிக்கு அங்கால, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் கமம் செய்கிறவன் நான். பயிர்க்காவலுக்குத் துவக்கு கேட்டு விண்ணப்பம் கொடுத்து இரண்டு போகம் போய்விட்டது. அந்த இரண்டு போகமும் கச்சான் கடலையைப் பன்றி கிளறியது, மிச்சத்தைத்தான் நான் பிடுங்கினேன். கோபத்தில் எழுதவில்லை. எங்களுக்கு எந்தத் துவக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதைத் துவக்கு பிடித்துப் பழகியவன் சொன்னால் உங்களுக்கு முடிவெடுக்கச் சுகமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், ரைபிள் வேண்டாம். பெடியள் போனில் வீடியோ பார்த்துவிட்டு அலாஸ்காவில் கரடிக்கு .30-06 ரைபிள் வைத்திருக்கிறார்கள், .375 வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுவார்கள். அது அங்கத்தைய பழுப்புக் கரடிக்கு, அதுவும் ஆளில்லாத மலைக்கு. வன்னி தட்டையான நிலம், சுடுகிற குண்டைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. .30-06 குண்டு தவறினால் மூன்று கிலோமீற்றருக்கு மேலும் போகும், அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை காவல் கொட்டில்!

எங்களுக்குப் போதுமானது 12 போர் ஒற்றைக்குழல். பன்றிக்குப் பெரிய ஈயச் சன்னம் போட்ட எஸ்.ஜி. தோட்டா, முப்பது மீற்றருக்குள் வந்தால் மட்டும். அதற்கு மேலே போனால் சன்னம் விரிந்து, பன்றி செத்தும் சாகாமலும் பற்றைக்குள் ஓடிவிடும், காயம்பட்ட பன்றியை விடியப்புறம் தேடிப்போவது என்ன வேலை என்று போனவனைக் கேட்டுப் பாருங்கள். நான்காம் நம்பர் போன்ற சின்னச் சன்னத்தைப் பன்றிக்கு அடிக்கவே கூடாது. இன்னுமொன்று, பலர் கவனிக்காதது: எங்கள் பக்கம் இருக்கும் பழைய துவக்குகள் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்குச் செய்தது, இப்போது கடையில் வருவது பெரும்பாலும் 70. உள்ளே போகும், துவக்கும் பூட்டிக்கொள்ளும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறிவிடும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம் இது. அனுமதி கொடுக்கும்போது அறையை அளந்து பார்த்து, இன்ன தோட்டாதான் போடலாம் என்று லைசனிலேயே எழுதிக் கொடுங்கள்.

சரி, கரடி. பாலை பழுக்கிற காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்குப் போகிறோம். என் சித்தப்பாவின் மகன் அப்படிப் போனவன், தோளில் தாத்தா காலத்து இடியன், குழல் வாயால் மருந்து இடித்துச் சுடுகிற துவக்கு. பற்றையை விலக்கினால் பத்தடியில் புற்றுக்குள் முகத்தை விட்டுக் கறையான் உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது, முதுகில் குட்டி. கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு, எதிர்க்காற்றில் போனால் கிட்டப் போகும்வரை தெரியாது, தெரிந்தால் பாயும். விசையை இழுத்தான். கேப் வெடித்தது, உள்ளே மருந்து பிடிக்கவில்லை, முதல் நாள் பெய்த மழை ஈரம். திரும்ப இடிக்க ஒரு நிமிடமாவது வேண்டும், கரடிக்கு இரண்டு நொடி. இடது கண் போய்விட்டது. இப்போது சாப்பிடும்போதும் அந்தப் பக்கத் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டுதான் மெல்லுகிறான்.

நல்ல துவக்கு இருந்திருந்தால் தப்பியிருப்பானா என்று நான் வெகுகாலம் யோசித்தேன். தப்பியிருக்க மாட்டான். அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடிச் சம்பவங்களை எடுத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கையில் இருந்த துவக்கைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. அதற்கு முன்னர் 2008இல் மிளகாய் ஸ்பிரேயைப் பற்றிப் பார்த்ததில், பழுப்புக் கரடி நூற்றுக்கு 92 தடவை நின்றுவிட்டது. எங்கள் கரடி வேறு இனம், நூறு கிலோ சொச்சம்தான், ஆனால் கிட்டத்தில் திடீரென்று பாய்வதில் அதற்கு இணை இல்லை, குறிபார்க்க நேரமே தராது. அதோடு 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவாக மிஞ்சியிருக்கலாம் என்கிறார்கள். ஆகவே கரடிக்கு என்று துவக்கு கேட்டு யாராவது வந்தால் கொடுக்க வேண்டாம். பழத்துக்கும் தேனுக்கும் போகிறவர்களுக்கு அந்த ஸ்பிரே அனுமதியோடு கிடைக்கச் செய்யுங்கள், வனஜீவராசிகள் திணைக்களம் யானையை விரட்டக் கமக்காரருக்குக் கொடுக்கிற யானை வெடியில் இரண்டையும் கொடுங்கள். சத்தம் போட்டுக்கொண்டு கூட்டமாகப் போனால் பாதிப் பிரச்சினை வராது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்றால், லைசன் துவக்கு கிடைக்காதவன் சும்மா இருப்பதில்லை. கட்டுத்துவக்கு வைக்கிறான். பன்றி வரும் தடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மெல்லிய கம்பி, மறுமுனையில் நீர்க்குழாயில் செய்த குழல், உள்ளே இரும்புத் துண்டும் ஆணியும். அந்தக் கம்பிக்குப் பன்றி எது, கரடி எது, விடியற்காலையில் மாடு தேடி வரும் கிழவி எது என்று தெரியாது. தெரிந்தவன் வைத்ததால் யார் வைத்தது என்றும் ஊரில் சொல்லமாட்டார்கள். அப்படிக் கால் போனவர்களை எங்கள் ஊரில் நீங்களே வந்து எண்ணலாம்.

பெயர் பதிந்து, பயிற்சி கொடுத்து, சுட்ட வெற்றுத் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று கணக்கு வைத்துத் தாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுகூட வேண்டாம், பத்து வயல்காரருக்கு ஒன்று போதும், முறை வைத்துக் காவல் இருப்போம். ஐப்பசியில் விதைப்பு. அதற்கு முன்னர் ஒரு பதில் வந்தால், எங்கள் தடத்தில் இருக்கும் கம்பிகளை யார் யார் கட்டினார்களோ அவர்களைக் கொண்டே அவிழ்க்க வைக்கிற பொறுப்பை நான் எடுக்கிறேன்.