முதல் லாட் கெட்டால் யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக ஆராய்ச்சி தனியார் தொழிலுக்கு உதவுகிறதா என்பதைக் காப்புரிமைகளின் எண்ணிக்கையை வைத்தே உங்கள் தலையங்கம் எடைபோட்டிருந்தது. தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை.

சென்னை சர்தார் படேல் சாலையில் 1944இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும் 1948இல் வந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தோல் தொழில்நுட்பம் பயிலும் அண்ணா பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்த நிறுவனத்து விஞ்ஞானிகளே பாடம் நடத்துகிறார்கள். படித்தவர்கள் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலைக்கு வருகிறார்கள். தோலில் கறை விழுந்தால் தங்கள் ஆசிரியருக்குத்தான் முதலில் போன் போடுவார்கள். இது எந்தக் காப்புரிமைப் பட்டியலில் வரும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வழக்கமான முறையில் தோலைப் பதனிடச் சுழலும் ட்ரம்மில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் போகிறது. அதற்கு முன் பிக்கிள் செய்யும்போது, அதாவது தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்கும்போது, சேர்க்கும் உப்பும் கூடவே போகிறது. உப்பைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். பிக்கிளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று குரோம் ஏற்றும் முறையை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிப் பல தொழிற்சாலைகளுக்குக் கொடுத்திருக்கிறது. 1996இல் தோல் கழிவு மாசு வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஆடிப்போன பாலாற்றுப் பகுதிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் சிறு முதலாளிகள் தயங்குகிறார்கள். பிடிவாதம் என்று பேராசிரியர்கள் நினைக்கலாம். இவர்களில் பலர் அடுத்தவர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்கள். புது முறையில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் பதனிடும் தோல் தொகுதி, கெட்டுப்போனால் தோலின் முழு விலையையும் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும்; சரக்கு கொடுத்தவரும் அடுத்த முறை வரமாட்டார். ஆய்வகத்தில் பரிசோதனை தோற்றால் அது ஒரு முடிவு. இங்கே அது கடன்.

புதிய தொழில்முனைவு மையங்களுக்குக் கட்டடம் எழுப்பும் அரசு, இப்படிப்பட்ட முதல் சில லாட்டுகளின் நஷ்டத்தை ஏற்க ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். ட்ரம் ஓடும் அந்த நாள்களில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம். அடுத்த முறை எழுதும்போது காப்புரிமைகளோடு இதையும் கேட்டு எழுதுங்கள்.

— ஓய்வுபெற்ற உற்பத்தி மேலாளர், ராணிப்பேட்டை