இடம் பொது, வணிகம் தனித்தனி: சுற்றுலாத் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

விடுதி உரிமையாளர்கள், பயண ஏற்பாட்டாளர்கள், வாகன உரிமையாளர்கள், வழிகாட்டிகள் ஆகியோரின் சங்க நிர்வாகிகளுக்கும், சுற்றுலாத் தலங்களின் உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் வரி, உரிமம், இணையத் தளங்கள் பிடித்துக்கொள்ளும் கமிஷன் ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். அவை பேச வேண்டியவைதாம். ஆனால் உங்கள் எல்லோருக்கும் பிழைப்பளிக்கும் அந்த ஓர் இடம், அது கடற்கரையோ மலையோ பழைய நகரமோ, பேசுபொருளாகவே ஆவதில்லை என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன். பயணி கட்டிலுக்காகவோ வண்டியின் இருக்கைக்காகவோ ஊர் விட்டு ஊர் வருவதில்லை. அவர் தேடி வருவது உங்களில் எவருக்கும் சொந்தமில்லாத ஒன்று. அதன் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறீர்கள். அதிலிருந்து கிடைக்கும் வருவாய் அவரவர் கல்லாவுக்குப் போகிறது. அது தேய்ந்தால் வரும் இழப்போ எல்லோர் தலையிலும் விழுகிறது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, மீறுவோரைத் தாங்களே கண்காணித்து, அவ்வளத்தைத் தலைமுறைகளாகப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள் என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தவை மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்வளம் போன்றவை. சுற்றுலாத் தலமும் அந்த வரிசையில் வைக்கத் தக்கதே.

போட்டியாளர்கள் எப்படி ஒத்துழைப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது அண்டார்டிகாவை. அங்கே நகராட்சி இல்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் அரசும் இல்லை. 1991 இல் ஏழு பயண நிறுவனங்கள் கூடி ஒரு பன்னாட்டுச் சங்கத்தை அமைத்தன. ஓரிடத்தில் ஒரே சமயத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது, ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையிறக்கவே கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு அச்சங்கத்தின் உறுப்பினர்கள் இயங்குகிறார்கள். 2009 இல் அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளும் அதே வரம்புகளை ஏற்றுக்கொண்டன. எனக்கு இவற்றைவிட வியப்பளிப்பது வேறொன்று. எந்தக் கப்பல் எந்தக் கரைக்கு எப்போது வரும் என்பதை சீசன் தொடங்குவதற்கு முன்பே பொது அட்டவணையில் பதிந்து, இரண்டு கப்பல்கள் ஓரிடத்தில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளரவமற்ற பனிவெளி என்றுதான் அப்பயணம் விற்கப்படுகிறது. பக்கத்தில் இன்னொரு கப்பல் நின்றால் இருவர் சரக்கும் கெடும் என்பது இருவருக்கும் தெரியும். குறையையும் சொல்லிவிட வேண்டும்: ஓரிடத்து நெரிசலை அட்டவணை தடுத்ததே தவிர, மொத்த எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு இல்லாததால், அண்மைச் சீசன்களில் பயணிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நேரத்தைப் பங்கிடுவது முதற்படி மட்டுமே.

அந்த முதற்படியைக்கூட எடுக்காத இடங்களில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிலிப்பைன்ஸின் போரகாய் தீவில் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கடலில் கலந்ததால், 2018 ஏப்ரலில் அரசு தீவு முழுவதையும் ஆறு மாதங்களுக்கு மூடியது. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்த விடுதிக்கும், குழாயைக் கடலில் விட்ட விடுதிக்கும் அன்று ஒரே தண்டனைதான். திறந்தபின், தீவில் ஒரு நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அரசே எண்ணைக் குறித்துக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் தாய்லாந்தின் மாயா விரிகுடா மூடப்பட்டது; படகுகளின் நங்கூரங்களாலும் கூட்டத்தாலும் சிதைந்த பவளப்பாறைகள் தேற அவகாசம் தேவைப்பட்டதால் 2022 ஜனவரியில்தான் அது திறந்தது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறம் நிற்கின்றன. இந்த ஏற்பாட்டைப் படகுக்காரர்கள் முன்னதாகவே தமக்குள் செய்துகொண்டிருந்தால் மூன்றரை ஆண்டு வருமானம் போயிருக்காது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பேசித் தீர்த்த ஊரும் உண்டு. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் நகரம், கோட்டைக்குள் ஒரே நேரத்தில் பல கப்பல்களின் பயணிகள் குவிந்து திணறியபோது, கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்போடு 2019 இல் உடன்பாடு செய்து, கப்பல்கள் வரும் நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒழுங்குபடுத்தியது. இதை நகரம் தனியாகச் செய்திருந்தால் வழக்காகியிருக்கும். கப்பல்கள் தனியாகச் செய்திருக்கவே மாட்டா.

ஒத்துழைப்பு என்றால் கட்டுப்பாடு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். போட்டியில் வெல்லவும் அதுவே வழி. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், பங்கேற்கும் ஊர்களில் தங்கும் விருந்தினருக்கு விடுதியிலேயே ஓர் அட்டை தருகிறார்கள்; அதைக் காட்டி வட்டாரப் பேருந்துகளிலும் ரயில்களிலும் கட்டணமின்றிப் போகலாம். செலவு, ஒவ்வோர் இரவுக்கும் விருந்தினர் செலுத்தும் சுற்றுலா வரியிலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. மூன்று அறைகள் மட்டுமே உள்ள ஒரு வீட்டு விடுதியால் தனியாகப் பேருந்து விட முடியுமா? பெரிய விடுதியால் முடியும். ஆனால் அது அந்த விடுதிக்கு மட்டுமே நன்மை. ஊர்கள் சேர்ந்தபோது சிறியவர், பெரியவர் இருவரும் ஒரே வசதியை விற்க முடிகிறது. சாலையில் கார்களும் குறைகின்றன. பக்கத்து விடுதியை உங்கள் எதிரியாகக் கருதிக்கொண்டிருக்கும்போது, விருந்தினர் வேறொரு வட்டாரத்தையே தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறார்.

தகவல் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். எத்தனை அறைகள் நிரம்பின என்பதைக் குலரகசியம்போல் காப்பாற்றுகிறீர்கள். அதே கணக்கு, உங்கள் அறைகளை விற்றுத்தரும் புக்கிங் தளத்திடம் நாள்வாரியாக இருக்கிறது. பெயர் நீக்கிய மொத்தக் கணக்கைச் சங்கத்தின் வழியாகத் திரட்டினால், எந்த வாரம் தண்ணீர் போதாமல் போகும், எந்த மாதம் ஊழியரை வீட்டுக்கு அனுப்ப நேரும், எப்போது ஒரு விழாவை வைத்தால் காலியான நாள்கள் நிரம்பும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். சீசன் முடிந்ததும் வேலையிழக்கும் சமையற்காரரும் ஓட்டுநரும் அடுத்த ஆண்டு திரும்பி வருவார்கள் என்ற உறுதி இல்லை. ஆண்டுதோறும் புதியவர்களைப் பழக்கும் செலவை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். கூடிப் பேசுவது வாடகையையும் கட்டணத்தையும் கூடி உயர்த்துவதற்கான மறைவிடமாக மாறிவிடக் கூடாது. அது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதோடு புதிதாகத் தொழிலுக்கு வருபவரை வெளியே நிறுத்தும் சூழ்ச்சியும் ஆகும். இடத்தின் பராமரிப்பு, நேரப் பங்கீடு, போக்குவரத்து, கழிவு, பயிற்சி ஆகியவற்றில் சேருங்கள். விலையிலும் உபசரிப்பிலும் தாராளமாகப் போட்டியிடுங்கள்.

உள்ளூர் மக்கள் அந்த மேசையில் அமரவில்லையென்றால் மேற்சொன்னவை எதுவும் நிலைக்காது. நமீபியா 1996 இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் சமூகங்கள் தமக்கென வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளவும், சுற்றுலா வருவாயைத் தாமே பெறவும் வழிசெய்தது. இன்று அத்தகைய அமைப்புகள் எண்பதுக்கும் மேல் இருக்கின்றன. விடுதி நடத்தும் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்து, வருவாயில் பங்கும் வேலையும் தருகிறது. விலங்கு உயிரோடிருப்பதில் ஊராருக்கும் ஆதாயம் இருக்கிறது. இதற்கு மாறாக, வாடகை ஏறி, தண்ணீர் குறைந்து, தெருவில் நடக்க இடமில்லாமல் போன ஊர்களில் மக்கள் பயணிகளுக்கு எதிராகவே ஊர்வலம் போனதை பார்சிலோனாவில் 2024 இல் உலகம் பார்த்தது. அந்தக் கோபத்தை எந்த விளம்பரத்தாலும் ஆற்ற முடியாது.

ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி, 2019 இல் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகளின் வருகை, பெருந்தொற்றால் அடுத்த ஆண்டே எழுபது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. 2024 இல் மீண்டும் ஏறத்தாழ 140 கோடியை எட்டிவிட்டது. ஆகவே கூட்டம் வருமா என்ற கவலையைவிட, வரும் கூட்டத்தை எப்படித் தாங்குவது என்ற கேள்வியே இப்போது உங்கள் முன் நிற்கிறது.

அடுத்த சீசனுக்கு முன்பாக ஒவ்வொரு தலத்திலும் உங்கள் சங்கங்களும் உள்ளாட்சியும் குடியிருப்போரின் பிரதிநிதிகளும் ஒரே அறையில் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேருந்துகளும் படகுகளும் வரும் நேர அட்டவணையை அந்த ஒரு கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம். இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கையைக் குறிப்பதற்கும், இரவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதியாக்குவதற்கும் இன்னும் சில அமர்வுகள் தேவைப்படும். நிதி எதற்குச் செலவானது என்பதை மாதந்தோறும் எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். விதியை மீறும் உறுப்பினருக்கு முதலில் எச்சரிக்கையும், பிறகு அட்டவணையில் இடமின்மையும் என்று எழுதி, முதல் கையெழுத்தை உங்களில் மிகப் பெரிய நிறுவனம் போடட்டும். சிறியவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் உடனிருக்கும் வழிகாட்டி ஒருவர்